டோமினிக் வேண்டாம் என்ற பிரேக்

வாடிக்கையாளர் நீட்டும் போனை டோமினிக் வாங்கிப் பார்ப்பதில்லை. திரையில் எந்த நாட்டு கியர் மின்னினாலும் சரி, புறங்கையால் மெல்லத் தள்ளிவிட்டு, வந்தவரின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். "இப்ப இருக்கிறதுல என்ன கொறைங்க?" என்று கேட்பார். பெரும்பாலானவர்கள் அங்கேயே தடுமாறிவிடுவார்கள்.

திருச்சி மன்னார்புரத்தில் பிளெக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர், அதுதான் அவர் சைக்கிள் கடை. வயது ஐம்பது. துவாக்குடியில் ஒரு பட்டறையில் பதினாறு வருடம் இரும்புக் குழாய் பற்றவைத்தவர். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு அடிக்குரல் பாடுகிறார். வேலையின்போதும் அந்த அடிக்குரலைத்தான் முனகுவார் என்பதால், என்ன பாட்டு என்று யாருக்கும் பிடிபடாது. முழங்கால் வலி உண்டு. உட்கார்ந்தால் எழ நேரமாகும். அதனால் நின்றே எல்லா வேலையும்.

மலைச் சைக்கிளுக்கு விலை உயர்ந்த பாகங்கள் தேவையா என்று கேட்கத்தான் நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி அவரிடம் முதலில் போனேன். எடை குறைந்த பின்கியர் ஒன்றின் மேல் எனக்கு ஆசை. "அது கொறைக்கிறது நூறு கிராம். அதுக்கு ஒம்பதாயிரமா? காலையில ரெண்டு இட்லி கொறைங்க" என்றார். டயருக்கு மட்டும் தாராளமாகச் செலவழிக்கச் சொன்னார். "ரோட்டத் தொடுறது அது ஒண்ணுதாங்க." விற்றால் லாபம் வரும் பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஊரில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் பாதிப் பேர் அவர் சொல்லைத் தட்டுவதில்லை.

சுபலட்சுமியும் தட்டவில்லை. புத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டோமினிக் அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். நான் கடையில் இருந்த ஒரு நாள், சுபலட்சுமி, நீண்ட இறக்கத்திலும் சூடேறித் தளராத நான்கு பிஸ்டன் பிரேக் ஒன்றைப் பற்றிக் கேட்டார்.

"எப்பவாவது பச்சைமலை போலாம்னு இருக்கோம்ண்ணே. மாத்திடவா?"

"எப்பவாவதுக்கு இருவத்திரெண்டாயிரமா? திருச்சியில மேடுன்னு இருக்கிறது ரெண்டு. ஒண்ணு பாலத்து ஏத்தம். இன்னொண்ணு மலைக்கோட்டை, அதுல சைக்கிள் ஏறாது. இருக்கிறது போதுங்க சிஸ்டர்."

மூவரும் சிரித்தோம்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு ஐந்து பேர் பச்சைமலைக்குப் போனோம். அம்மாசி என்பவர் ஓட்டிய வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு உச்சி வரை போய், அங்கிருந்து மிதித்து இறங்குவது திட்டம். டோமினிக்கும் அன்று காலைப் பூசையை விட்டுவிட்டுக் கருவிப் பையோடு வந்திருந்தார். எங்களை உச்சியில் இறக்கிவிட்டு அவரும் அம்மாசியும் வேனோடு அடிவாரத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இடைவெளி விட்டு ஒவ்வொருவராக இறங்கினோம். சுபலட்சுமி கடைசி. நான்கு பேர் கீழே வந்து டீ குடித்தாயிற்று. ஐந்தாவது சைக்கிள் வரவில்லை. பத்து நிமிடம் ஆனது. போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை.

"படம் எடுத்துட்டு நிப்பாங்க" என்றேன்.

டோமினிக் குனிந்தார். என் சைக்கிளின் பிரேக் தகட்டின் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனவர், தொடாமலே சூடு தாங்காமல் விசுக்கென்று இழுத்துக்கொண்டார். "அம்மாசி, வண்டியை எடுங்க."

வேன் மலை ஏறும்போது அவர் உட்காரவே இல்லை. திறந்த கதவில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவரின் இடைவெளிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். சுவருக்கு அப்பால் மரங்களின் தலைகள் எங்களுக்குக் கீழே தெரிந்தன. ஒரு வளைவில் சரளைக் கல்லில் நீளமாக ஒரு டயர் கோடு. அது பள்ளத்தை நோக்கிப் போய், சுவருக்கு இரண்டடி முன்னால் திடீரென்று மறுபக்கம் திரும்பியிருந்தது.

மலைப்பக்கத்துச் சாலையோர ஓடையில் உட்கார்ந்திருந்தார் சுபலட்சுமி. முழங்கை முழுக்க ரத்தம். இடது மணிக்கட்டைச் சால்வையால் தானே கட்டி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். முகம் வெளிறியிருந்தாலும் குரல் வார்டில் பேசுகிற குரல்தான்.

"ஒடஞ்சிருக்கு. தலையில அடி இல்ல. மெதுவா தூக்குங்க." பிறகு டோமினிக்கைப் பார்த்தார். "லீவர் பொதபொதன்னு கைப்பிடி வரைக்கும் வந்துருச்சுண்ணே. ரெண்டுமே. பிடிச்சும் நிக்கல. அந்தப் பக்கம் பள்ளம். அதான் மலைமேல மோதிட்டேன்."

டோமினிக் முழங்காலை மறந்து சைக்கிள் பக்கத்தில் மண்டியிட்டார். லீவரை அழுத்தினார். கல் மாதிரி கெட்டியாக இருந்தது. மறுபடி அழுத்தினார். ஆறிவிட்டதால் பிரேக் பழையபடி ஒழுங்காகப் பிடித்தது. கடையில் நிறுத்தி ஆயிரம் தடவை சோதித்தாலும் அப்படித்தான் பிடித்திருக்கும். தகடு மட்டும் சூட்டில் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

"மேடம் விடாம பிடிச்சிக்கிட்டே வந்திருப்பாங்க. அதான் சூடாயிருக்கும்" என்றார் அம்மாசி.

"பயந்தா யாரும் அப்படித்தாங்க பிடிப்பாங்க" என்றார் டோமினிக். "அதையும் தாங்குற பிரேக்கைத்தான் அவங்க கேட்டாங்க. நான் வேணாம்னேன்."

திரும்பும் வழி முழுக்க அவரிடம் அந்த முனகல் இல்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, மலைக்குப் போகக்கூடியவர்கள் என்று தோன்றிய எல்லோருக்கும் போன் செய்தார். பதினான்கு பேர். "உங்களுக்கு நான் தப்பா சொல்லிட்டேன். சைக்கிளக் கொண்டு வாங்க. அது வரைக்கும் மலைக்குப் போவாதீங்க." அரவிந்தன் என்ற பேங்க் அதிகாரி நேரிலேயே வந்து கேட்டார்: "எல்லாம் ஒண்ணுதான், பேருக்குத்தான் வெலைன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப மாத்திப் பேசுறீங்களே?"

"ஆமாங்க. மாத்திதான் பேசுறேன்."

"அப்ப அந்த கார்பன் ஹேண்டில்பாரும் போட்டுறலாமா?"

"அது அப்பவும் வேணாம், இப்பவும் வேணாம்."

இப்போது யார் வந்தாலும் சக்கரத்தைச் சுற்றிவிட்ட பிறகு "எங்க ஓட்டப் போறீங்க?" என்று கேட்கிறார். 'எப்பவாவது' என்ற சொல் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, எங்கே, எத்தனை வளைவு என்று முழுக்கக் கேட்டுக்கொள்கிறார்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு ஏப்ரலில் சுபலட்சுமி வந்தார். நானும் இருந்தேன். டோமினிக் அவர் கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"இனி மலைக்கு வேணாம்னுதான் வீட்ல சொல்றாங்க" என்றார் சுபலட்சுமி. "ஆனா நான் போவேன். இப்ப சொல்லுங்கண்ணே, அந்த பிரேக் அந்த வெலைக்குத் தகுமா?"

"காவேரிக் கரையில ஓட்ட தகாதுங்க. மலைக்குத் தகும். இதை அன்னைக்கே பிரிச்சுச் சொல்லியிருக்கணும்."

நான்கு பிஸ்டனும் பெரிய தகடும் மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் சுபலட்சுமி சைக்கிளில் ஏறி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு லீவர்களைப் பிடித்தார். வலது கை விரல்கள் உடனே மடங்கின. இடது கை விரல்கள் லீவரைத் தொட்டு, பாதியில் நடுங்கின.

டோமினிக் பிரேக்கைப் பார்க்கவில்லை, அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னச் சாவியை எடுத்து, இடது லீவரின் திருகை அரைச் சுற்றுத் திருப்பினார். விரல்களுக்கு எட்டும்படி லீவர் கைப்பிடிக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது.

"இப்பப் பிடிங்க சிஸ்டர்."

பிடித்தார். விரல்கள் இன்னும் நடுங்கின. டோமினிக் குனிந்து மறுபடி கால் சுற்றுத் திருப்பினார்.