பிரேக் சாரின் ஆன்லைன் வகுப்பு

"கேக்குதா? நான் பேசறது எல்லாருக்கும் கேக்குதா?"

எங்கள் பிரேக் சார் இந்தக் கேள்வியை மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கேட்பார். பதில் வராது. கம்ப்யூட்டர் திரையில் கறுப்புக் கறுப்பாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு ஆள் இருப்பதாக ஐதீகம். முகமும் தெரியாது, குரலும் வராது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர்களை வகுப்புக்குள் விடுவதும், சத்தம் வருகிற மைக்கை அணைப்பதும், வகுப்பு முடிந்தபின் வருகைப் பதிவு போடுவதும் என் வேலை. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

"கேக்குதுன்னு ஒருத்தன் சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா சார்?" என்பேன், எங்கள் மைக்கை அணைத்துவிட்டு.

"விடும்மா. வேலை செஞ்சு களைச்சுப்போன பசங்க" என்பார்.

நாங்கள் இருப்பது லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி. அவர் அதில் மெக்கானிக்காகச் சேர்ந்து, மாடி மாடியாக ஏறி இறங்கி, முட்டி தேய்ந்தபின் பயிற்சிப் பிரிவுக்கு வந்தவர். லிஃப்ட் கிளம்புவதற்குச் சற்று முன்னால் பிரேக் விடுகிற சத்தம் ஒன்று வரும். 'டக்'. லிஃப்டுக் குழிக்குள் கேபினின் கூரைமேல் நின்று வேலை பார்க்கிறவனுக்கு அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. ஸ்டாப் சுவிட்சை அடிக்கவோ எதையாவது பிடித்துக்கொள்ளவோ அதற்குப் பிறகு அதிக நேரம் கிடைக்காது. சார் எந்தப் பாடத்தில் ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்பார். அப்படி வந்த பெயர்தான் பிரேக் சார். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது, கொஞ்சம் பெருமை என்றே சொல்லலாம்.

முன்பு எங்கள் அலுவலகத்தின் தரைத்தளத்தில் பயிற்சிக்கென்றே ஒரு லிஃப்ட் இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் கூரைமேல் ஏற்றி, கண்ணை மூடச் சொல்லி, அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பார். அப்புறம் கம்பெனிக்குக் கிளைகள் கூடின. ஆட்களை வரவழைத்துத் தங்கவைக்கச் செலவாகிறது என்று எல்லா வகுப்பையும் ஆன்லைனுக்குத் தள்ளினார்கள். பயிற்சி லிஃப்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காபி மெஷின் வைத்தார்கள். காபியும் வாயில் வைக்க விளங்காது.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மெக்கானிக்குகள் நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுக்க வேண்டும். அஞ்சுக்கு சாருக்கு ரெண்டரைதான் வரும். ஸ்லைடில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. அதை அவர் தலைகுனிந்து வாசிப்பார். திரையில் மெக்கானிக்குகளுக்குத் தெரிவது அவருடைய வழுக்கையும் மின்விசிறியும்தான். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இப்படியே போனா கட்டுப்படியாகாது சார். ஒரு தடவை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடலாம். நேரமாவது மிச்சம்."

சாருக்கு முகம் செத்துவிட்டது. "வீடியோகிட்ட எவன் சார் சந்தேகம் கேப்பான்? சந்தேகத்தோட குழிக்குள்ள இறங்கறவன் உசுரோட வெளிய வரணுமே."

"அப்ப மார்க்கை நாலுக்குக் கொண்டு வாங்க. மூணு மாசம் டைம்."

அதற்காக வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்தார்கள். கல்லூரி முடித்த சூடு ஆறாத பெண். எனக்கு அவளைப் பார்த்ததும் எரிச்சலாக இருந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, அவள் சொன்னதெல்லாம் உருப்படியான விஷயம்தான். கேமரா கண் உயரத்துக்கு இருக்க வேண்டும். திரையைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். வெளிச்சம் முன்னாலிருந்து விழ வேண்டும். ஒரு ஸ்லைடில் ஒரே ஒரு விஷயம். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். குரல் ஒரே சீராகப் போனால் தூக்கம்தான் வரும்.

"நான் என்ன டிவியில செய்தியா வாசிக்கப் போறேன்?" என்று அவள் போனபின் சார் முணுமுணுத்தார். ஆனால் விடவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் கம்ப்யூட்டரை ஏற்றி, அதற்கடியில் சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்துப் பழகினார். கேமராவையே பார்த்துப் பேசுவதற்காக அவர் மகள் அதன் பக்கத்தில் அம்மாவின் போட்டோவை ஒட்டிவிட்டாள்.

"நேர்ல பாத்து ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்காரா கேளு" என்று அவருடைய மனைவி என்னிடம் போனில் அங்கலாய்த்தார். "எனக்கே லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்துடும் போல இருக்கு. பாத்திரத்தையாவது திருப்பிக் கொடுக்கச் சொல்லும்மா."

மனுஷனுக்குள் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை, அவர் மிமிக்ரி செய்ய ஆரம்பித்தார். நடுமாடியில் மாட்டிக்கொண்ட பணக்கார அம்மாவின் அலறல், "இப்ப வந்துட்டேம்மா" என்று வீட்டுப் படுக்கையிலிருந்தே சொல்லும் மெக்கானிக், கீழே நின்று கத்துகிற வாட்ச்மேன் என்று ஒரு லிஃப்ட் கூட்டத்தையே வாயால் கொண்டு வந்து நிறுத்தினார். சாட் பெட்டியில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. கேள்வி கேட்டால் நான் நீ என்று பதில் வந்தது. மார்க் மூணரை ஆனது, நாலு ஆனது, நாலே முக்காலில் போய் நின்றது.

சாருக்கும் கொஞ்சம் தலைக்கேறியது. கேமராவில் எடுப்பாக இருக்குமாம், நீலச் சட்டையாகவே போட்டுக்கொண்டு வந்தார். வகுப்பு முடிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், "எத்தனை வந்துச்சும்மா?" என்பார். "ஒருத்தன்கூட நடுவுல போகலை, பாத்தியா?" என்பார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். வீடியோ பேச்சை மேனேஜரும் விட்டுவிட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வகுப்பு வந்தது.

அன்றைக்கு சார் நல்ல உற்சாகத்தில் இருந்தார். தொலைவில் ஒரு கிளையில் சோடாபுட்டி என்று ஒரு மெக்கானிக் உண்டு. கண்ணாடி அவ்வளவு தடிமன். எந்தக் கேள்விக்கும் முதல் பதில் அவனுடையதுதான், சாருக்குச் செல்லப்பிள்ளை. அன்றும் அவன் சரியாகச் சொன்னதும், "சபாஷ்! கேமராவைப் போடுப்பா, உன் திருமுகத்தை எல்லாரும் பாக்கட்டும்" என்றார் சார்.

கட்டம் வெளிச்சமானது. முதலில் ஒன்றும் புரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர், தொங்குகிற கம்பிவடங்கள், அப்புறம் ஹெல்மெட்டுக்கடியில் அந்தக் கண்ணாடி. இரண்டு காதிலும் இயர்போன். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"டேய், நீ எது மேலடா நிக்கற?"

"கேபின் மேலதான் சார். கதவு ரோலர் மாத்திட்டிருக்கேன். முன்னாடியெல்லாம் கிளாஸை ஓடவிட்டுட்டு போனைப் பையில போட்டுடுவேன் சார். இப்ப ஒரு வார்த்தை விடறதில்லை. ரெண்டு காதுலயும் மாட்டினாத்தான் உங்க மிமிக்ரி சூப்பரா கேக்குது."

சார் பேயறைந்த மாதிரி நின்றார். "ஸ்டாப் சுவிட்ச்?"

"இப்பதான் சார் ரிலீஸ் பண்ணினேன். கதவு சரியா ஓடுதான்னு பாக்கணுமே."

"அதை அமுக்கு. அமுக்கிட்டு, காதுல இருக்கறதைப் பிடுங்கிப் போடு. நான் பேசறது நீ கேக்கவே வேணாம். குழியை விட்டு வெளிய வா. போ!"

அவன் கட்டம் மறுபடி இருண்டது. சார் கேமராவுக்கு இன்னும் கிட்டே வந்து, "இப்ப இந்த நிமிஷம் வேலையில இருக்கறவங்க எல்லாம் கை தூக்குங்க. யாரையும் திட்டமாட்டேன்" என்றார். திரையில் மஞ்சள் கைகள் ஒன்று, இரண்டு என்று முளைக்க ஆரம்பித்தன. நிற்கவே இல்லை. பாதிக்கு மேல் கைதான்.

ஒரு மெக்கானிக் மைக்கைத் திறந்தான். "கிளாஸுக்கும் வரணும், அதே நேரத்துல கம்ப்ளெயின்ட்டையும் முடிக்கணும்னா நாங்க என்னதான் சார் பண்றது? எங்களுக்கு என்ன ரெண்டு உடம்பா?"

"எல்லாரும் கிளாஸை விட்டுப் போங்க" என்றார் சார். "இப்பவே."

யாரும் போகவில்லை. சாட் பெட்டியில் ஒரு சிரிப்புப் பொம்மை விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. அடப்பாவிகளா, இதையும் மிமிக்ரி என்று நினைத்துவிட்டார்கள்!

"வெளையாடலைடா! போங்கடா!" என்று அவர் கத்தினார். அவர் கத்தக் கத்தச் சிரிப்பு அதிகமானது. யாரோ "செம சார்" என்று எழுதினார்கள். சார் என் பக்கம் திரும்பினார்.

"அணைச்சுடும்மா."

நான் மொத்த வகுப்பையும் அணைத்தேன். அவர் நீலச் சட்டையின் காலர் பட்டனைக் கழற்றினார்.

அன்று மாலையே மேனேஜர் அறைக்குப் போனோம். சார் கேட்டது ஒன்றே ஒன்று. வகுப்பு நடக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் மெக்கானிக்குகளுக்கு வேலை கொடுக்கக்கூடாது. கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"கஸ்டமர் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கறப்ப, பொறுங்க, எங்க ஆள் பாடம் படிக்கறான்னு சொல்ல முடியுமா?" என்றார் மேனேஜர். "அவ்வளவு கவலையா இருந்தா வீடியோதான் சரி. அவனவன் வசதிப்பட்ட நேரத்துல பாத்துக்கட்டும்."

அந்த மனிதருக்கு எதைச் சொல்லியும் ஏறாது. நன்றாக மார்க் வாங்கிய வகுப்பின் பதிவை எடுத்து வீடியோவாக்கச் சொன்னார். மிமிக்ரி எல்லாம் அப்படியே இருக்க வேண்டுமாம். முன்னால் சேர்க்க ஒரு வரவேற்பு மட்டும் சார் புதிதாகப் பேசித் தந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "வேலை செஞ்சுக்கிட்டே இதைப் பாக்கறீங்கன்னா இங்கயே அணைச்சிடுங்க. குழிக்குள்ள உங்க காது எனக்கு வேணாம், உங்களுக்குத்தான் வேணும்" என்றார். அவ்வளவுதான்.

அதை வெட்டிவிடச் சொல்லி மேனேஜர் என்னிடம் சொன்னார். நான் வெட்டவில்லை. கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிய வாரமே மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். மலையிலிருந்து விழுந்த மாதிரி ஒரு கோடு. "பாருங்க, ஆரம்பிச்ச உடனே முக்கால்வாசிப் பேர் அணைச்சுட்டுப் போயிட்டாங்க. இதுக்கா அவ்வளவு பயிற்சி கொடுத்தோம்? அந்த வரியை யார் வெட்டாம விட்டது?"

சார் கோட்டைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. உடனே போயும்விட்டது.

"மீதிப் பேர்?"

"அவங்க அந்த வரியைத் தாண்டியும் பாத்துட்டிருக்காங்க. அவங்களாவது உருப்படட்டும்."

சார் எழுந்து எங்கள் அறைக்கு வந்தார். மீதிப் பேருடைய நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டு, நான் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டார். முதல் ஆள் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தானாம். இரண்டாவது ஆள் வீட்டில். மூன்றாவது ஆள் பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"கேபின் மேலதான் சார். போன தடவை பாதியில வேலை வந்துடுச்சு, அதான் மறுபடி முதல்லேர்ந்து போட்டிருக்கேன்."

"அணைச்சிடுன்னு முதல்லயே சொன்னேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். ஆனா முழுசாப் பாத்தாத்தானே அட்டெண்டன்ஸ் விழும்? இல்லைன்னா சம்பளத்துல கை வைப்பாங்களே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. சார் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அட்டெண்டன்ஸ் போடறது நீதானேம்மா?"

"நான்தான்."

"எல்லாருக்கும் போட்டுடு. பாத்தவன், பாக்காதவன், எல்லாருக்கும்."

தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். போனால் போகட்டும். அத்தனை கிளைகளுக்கும், அத்தனை பேருக்கும் நான் வருகை போட்டேன். சார் கையை எடுத்துவிட்டுப் போனில் பேசினார்.

"உனக்கு அட்டெண்டன்ஸ் விழுந்துடுச்சுப்பா."

"நெஜமாவா சார்? அப்ப அணைச்சிடட்டுமா?"

"அணைச்சுடு."

அவன் அணைத்துவிட்டான். சார் அடுத்த நம்பரை அழுத்தினார்.