எந்தக் கடலை?

உல்லாஸ்நகரில் இருந்துகொண்டு மாதுங்காவுக்கு உல்லாசப் பயணம் போன குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸ் லீவில் இரண்டு நாள், அங்கே கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம். என் வீட்டுக்காரருக்கு விக்ரோலியில் வேலை. "தெனமும் டிரெயின்ல இடிபட்டுப் போற பாதையிலயே லீவுக்கும் போணுமாக்கும்? ஊரு சனமெல்லாம் கோவா போவுது," என்று புலம்பிக்கொண்டே பையைத் தூக்கினார். புலம்பட்டும். கோவாவில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மாதுங்காவில் தெரியும். ஊர் பார்க்கக் கிளம்பினால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. நிலக்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். மூன்று வயதில் யாரோ ஆசையாகக் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டார்கள். அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். இந்த ஊரிலோ அவலிலும் ஜவ்வரிசிக் கிச்சடியிலும் கடலைதான். அதனால் கல்யாண வீடானாலும் பிறந்தநாளானாலும் அவளுக்கு வீட்டு டப்பா. வெளியில் ஒரு வாய் சாப்பிட விட்டதில்லை.

காலையில் டிபன் கடையில் உட்கார்ந்ததும் டப்பாவை எடுத்தேன். எதிர்ச் சுவரில், வெளிச்சாப்பாடு கூடாது என்று போர்டு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சர்வர் எங்களை நோக்கி வந்தார். வரட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவோம் என்று தயாராக இருந்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தார்.

"எல்லாரும் தட்டுல சாப்பிடறச்சே கொழந்தை மட்டும் டப்பால சாப்பிடுவாளா?"

சண்டைக்கு நின்றவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இவளுக்குக் கடலை ஆகாதுங்க," என்றேன்.

"எந்தக் கடலை?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க பாலக்காட்டுல கடலைன்னா கொண்டைக்கடலை. உங்க பேச்சு திருநெல்வேலியாட்டம் இருக்கு. அதான் கேட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் வெறும் கடலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்! "நெலக்கடலைங்க. இந்த ஊர்க்காரங்க சொல்ற சிங்தாணா," என்றேன்.

"இருங்கோ. உள்ள கேட்டுண்டு வரேன். தெரியாம சரின்னு சொல்லப்படாது."

கடையில் கூட்டம் நெரிந்தது. நாலாபக்கமும் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்களே படிச்சுப் பாருங்கோ," என்றார். சூரியகாந்தி எண்ணெய். ஆனால் தோசை வேண்டாம் என்றார்; அதே கல்லில்தான் ஒருவகை மசால் தோசைக்கு நிலக்கடலைச் சட்னி தடவுகிறார்களாம். சாம்பாரும் வேண்டாம். "கரண்டி எதுல எல்லாம் போயிட்டு வரதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." இட்லி தரலாம். தட்டையும் துணியையும் புதிதாக அலசி ஒரு ஈடு தனியாக வேகவைக்கச் சொல்லியிருந்தார். தொட்டுக்கொள்ளப் புதுப் பாக்கெட் பிரித்துச் சர்க்கரை.

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு சாக்கும் அவர் மிச்சம் வைக்கவில்லையே!

"சரிங்க," என்றேன்.

எப்போதும் பையில் இருக்கும் ஊசி மருந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தேன். என் இட்லி ஆறிப்போனது. சர்வரும் நாலு தட்டை ஏந்திக்கொண்டு போகிற போக்கில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா! வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சர்வர் திரும்பி வந்து என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார். "வேற என்னம்மா வேணும்?"

அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எப்போதும் நான்தான் பதில். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், எனக்கு நிலக்கடலை ஆகாது. சிங்தாணா. இன்னும் ரெண்டு இட்லி," என்றாள். அவர் மற்றவர்களிடம் ஆர்டர் வாங்குகிற மாதிரியே தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் குல்ஃபி வண்டியைப் பார்த்ததும் அவள் முன்னால் ஓடிவிட்டாள். பதறிக்கொண்டு பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஹிந்தியில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. இதில் சிங்தாணா இருக்கிறதா? மேலே கொஞ்சம் தூவுவோம், வேண்டாம் என்றால் தூவாமல் தருகிறேன் என்றார் வண்டிக்காரர். குல்ஃபியை வெட்ட எல்லாவற்றுக்கும் அதே கத்திதானா? ஆமாம், அதேதான்.

"அப்படின்னா வேண்டாம், பய்யா."

எனக்கு வாயைத் திறக்க வேலையே இல்லை. அவளுக்கு ஆசைதான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் திரும்பி, "வாம்மா, போலாம்," என்று அலையைப் பார்க்க நடந்துவிட்டாள்.

நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இவள் பிழைத்துக்கொள்வாள் என்ற நினைப்பு வந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.