கையுறை போடாத கை

அந்த எண்ணம் எனக்கு முதலில் வந்த இடம் ஜெபக்கூட்டம் இல்லை. பெருந்துறையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின், தூசி புகாத கிளீன் ரூம்.

நாங்கள் செய்வது மெஷ். குடலிறக்கம், அதாவது ஹெர்னியா வந்தவர்களுக்கு வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்க டாக்டர்கள் உள்ளே வைத்துத் தைக்கும் வெள்ளை வலை. டெக்ஸ்டைல் படித்துவிட்டு வந்த எனக்குப் பரிசோதனை வேலை. வெளிச்ச மேசையில் ஒவ்வொரு துண்டாக விரித்து, இழை அறுந்திருக்கிறதா, வலைக்கண் பெரிதாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். என் எண் ஏழு. நான் பார்த்த பெட்டியின் லேபிளில் "பரிசோதித்தவர்: 7" என்று இருக்கும்.

கூரையிலிருந்து வடிகட்டிய காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் வலையின் நடுப்பகுதி மெல்ல ஏறி இறங்கும். தூங்குகிறவரின் வயிறு மாதிரி. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. இந்தத் துண்டு யாரோ ஒருவருக்குள் போய்த் தங்கப்போகிறது. திரும்ப வெளியே வராது. அவரோடு மண்ணுக்குள்ளும் போகும். அவர் மட்கிய பிறகும் இது மட்காது.

அந்த முகம் தெரியாத ஆளுக்காக யாராவது ஜெபித்திருப்பார்களா என்று நினைத்தேன். எங்கள் சபையில் நோயாளிக்காக ஜெபித்தால் தலையில் கை வைத்துத்தான் ஜெபிப்போம். அப்படியே பழகியவள் நான். வலது கையுறையைக் கழற்றினேன். வலையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். கையை எடுத்ததும் ஒரு நொடி ஐந்து விரல் தடம் மங்கலாகத் தெரிந்து மறைந்தது.

முதலில் ஷிப்டின் கடைசித் துண்டுக்கு மட்டும் செய்தேன். பிறகு ஆர்வம் தாங்கவில்லை. எங்கள் சூப்பர்வைசர் மைதிலி அக்கா லேபிள் எடுக்கப் போகும்போதெல்லாம் செய்தேன். தப்பு என்று தெரியாதா? தெரியும். வெறுங்கை படக் கூடாது என்பது முதல் நாள் சொல்லித்தந்த விதி. பெட்டிகள் கடைசியில் கிருமி நீக்கத்துக்குத்தானே போகின்றன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். முகம் தெரியாதவர்களுக்காக ஜெபித்த ஒவ்வொரு முறையும் என் அம்மாவும் அதில் இருந்தார். நான் பிறந்தது வயிற்றைக் கிழித்துத்தான். அந்தத் தழும்பு உள்ளே சரியாகக் கூடவே இல்லை. நான் வெளியே வந்த வழியில் அம்மாவின் குடல் ஒரு தேங்காய் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. மில் கேன்டீனில் சோற்றுக் குண்டா தூக்குகிறவர் அவர். பழைய சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார். ஆபரேஷன் என்று பேச்செடுத்தால் ஒரே பதில்தான். "இது வாய்வு கண்ணு. நீ வேல செய்யற கம்பெனிச் சரக்க எங்கிட்ட விக்கப் பாக்காத."

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். "ஆண்டவரே, அந்த வழியை மூடும்" என்று தினமும் கேட்டேன். பதில் வரவில்லை. வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

போன ஐப்பசியில் ஒரு மதியம். மேசையில் ஒரு துண்டை விரித்திருந்தேன். கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் பிடிக்க அரை நிமிடம் ஆகும். காற்றை இறக்கும் விசிறியின் இரைச்சல் நின்றதும் அறை செத்தது போல் ஆனது. கண்ணாடிக்கு வெளியே இருந்த மழை வெளிச்சம் மட்டும் உள்ளே வந்தது.

காற்று இல்லை. ஆனால் வலை ஏறி இறங்கியது.

வேகமாக, ஒழுங்கில்லாமல். மூச்சுக்குத் திணறுகிற வயிறு மாதிரி. நான் தொடவில்லை. மூன்று முறை ஏறியது. நான்காவது முறை ஏறி, இறங்காமல் நின்றது.

எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. லாக்கரிலிருந்து போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கமலாக்காவைக் கூப்பிட்டேன்.

"உங்கம்மா காலைல கேன்டீன்ல இருந்து பாதியில வந்துட்டாங்க அம்மணி. தூங்கறாங்கன்னு நெனச்சேன்."

"கொஞ்சம் போய்ப் பாருங்கக்கா."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கமலாக்காவின் குரல் மாறியது. "ஐயோ, வாந்தியெடுத்துட்டுக் கெடக்கறாங்க. வயிறு கல்லாட்ட இருக்குது. நீ வா கண்ணு, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிப்போடறேன்."

பக்கத்து ஆஸ்பத்திரியில் முடியாது என்றதால் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல் ஓட்டையில் சிக்கி முறுக்கிக்கொண்டது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். வாங்கி வரச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் ஊசி, மருந்துகளுக்குக் கீழே மெஷ் என்று எழுதியிருந்தது. மருந்துக்கடையில் அந்த அளவில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. கையில் வாங்கியதும் லேபிளைப் பார்த்தேன்.

பரிசோதித்தவர்: 7.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றேன். நான் வெறுங்கை வைத்த துண்டாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொன்னால் அம்மாவுக்கு வைக்க மெஷ் கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் என் கை அழுக்கு அம்மாவின் வயிற்றுக்குள் போகும். எத்தனையோ நாள் சத்தமாக ஜெபித்தவள், அன்று ஒரே வரி கேட்டேன். "என் கை வேண்டாம் ஆண்டவரே, உம்முடைய கை போதும்."

டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"கையுறை இல்லாம எதுக்குத் தொட்டீங்க?" என்று அவர் பக்கத்தில் நின்ற நர்ஸ் கேட்டார்.

"ஜெபம் பண்றதுக்குங்க."

டாக்டர், "அது வெளியவே இருக்கட்டும். உள்ள பாத்துட்டு வேற வழி யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். "ஒரு சாண் குடல் கறுத்துப் போச்சும்மா. வெட்டியெடுத்துச் சேத்துட்டோம். இப்படி இருக்கறப்ப எந்த மெஷ்ஷும் வைக்கக் கூடாது, சீழ் புடிச்சுக்கும். தையல் மட்டும் போட்டிருக்கு. ஆறு மாசம் கழிச்சு, புண் ஆறுன பொறகு மெஷ் வெச்சுக்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதமா வந்திருந்தா நான் உங்ககிட்டப் பேச வேண்டிய பேச்சே வேற."

அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தது யார்? எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அம்மா கண் திறந்தார். மெதுவாகப் பேசினார்.

"உள்ளுக்குள்ள ஒரு கை இருந்துச்சு கண்ணு. வெதுவெதுன்னு. நீ வந்த வழிய அடைச்சுப் புடிச்சுட்டே இருந்துச்சு."

"டாக்டர் கையா இருக்கும்மா."

"டாக்டருன்னா கையுறை போட்டிருப்பாருல்ல? இது வெறுங்கை."

நான் செய்ததை அதுவரை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. கமலாக்காவிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே கம்பெனியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மைதிலி அக்கா அதை இரண்டு முறை படித்தார். "ஏனுங்க அம்மணி, கையுறை போட்டா உங்க சாமிக்குக் காது கேக்காதுங்களா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. "கிருமி செத்தாலும் அழுக்கு அழுக்குத்தான். அது உள்ள போனா கெடறது அவங்கவங்க வயிறு."

ஏழாம் எண் பெட்டிகளைத் திரும்ப வரவழைத்தார்கள். சிலவற்றில் கைப்பிசுக்கு இருந்தது. ஏற்கெனவே பயன்படுத்திய ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் போனது. இதுவரை யாருக்கும் தொந்தரவு என்று பதில் வரவில்லை. ஆனாலும் அந்தப் பயம் என்னை விட்டு முழுதாகப் போகவில்லை. அவர்களுக்காக இன்றும் முழங்காலில் நிற்கிறேன். என்னை நூல் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையைவிட்டு அனுப்பவில்லை, அதுவே கிருபை.

இதை வாசிக்கிற பிரியமானவர்களே, உங்கள் ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். நான் கேட்டது மூடும் என்று. அவர் முதலில் திறந்து, கறுத்ததை எடுத்துப் போட்டார். அம்மாவிடம் மட்டுமல்ல, என்னிடமும். அவரை நம்புங்கள். உங்கள் வேலைக்கு ஒரு விதி இருந்தால் அதையும் மீறாதீர்கள்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மெஷ் வைக்கும் ஆபரேஷன். இந்த முறை அவரே தேதி கேட்டு வாங்கி வந்திருக்கிறார். நேற்று மைதிலி அக்கா என்னைப் பழைய மேசைக்கே திரும்ப வரச் சொன்னார். திங்கட்கிழமை மேசைக்குப் புதுத் தொகுதி மெஷ் வருகிறது. கதவுக்கு வெளியே நின்று, வெறுங்கைகளைக் கூப்பி ஜெபிப்பேன். பிறகு கழுவி, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போவேன். முதல் துண்டை விரித்ததும், காற்றில்லாமல் அது அன்று போல் அசைகிறதா என்று பார்க்க, விசிறியை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தானும் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.