இரண்டு தரம் கேட்பவர்

கணவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்றால், ரீவைண்ட் அக்கா "என்ன?" என்று கேட்பதில்லை. இடது கால் தரையை ஒரு முறை அழுத்தும். அடுப்படியில் நின்றாலும் சரி, பேருந்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி. முப்பது வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் அல்லவா, கால் அசைந்ததுமே சொன்னதை இன்னொரு தரம் சொல்லிவிடுவார். புதிதாக வந்த மருமகன்தான் முதல் மாதம் முழுக்க, மாமியார் கரப்பான்பூச்சியை மிதிக்கிறார் என்று நினைத்துத் தன் காலைத் தூக்கிக்கொண்டே சாப்பிட்டார்.

காலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தொழில் அப்படி. எங்கள் அலுவலகம் பிறர் பேச்சை எழுத்தாக்கிக் கொடுக்கும் இடம். விசாரணைகள், கூட்டங்கள், நோயாளியைப் பார்த்துவிட்டு மருத்துவர்கள் முணுமுணுக்கும் குறிப்புகள் எல்லாம் ஒலிப்பதிவாக வரும். அக்கா அவற்றைக் கேட்டுத் தட்டச்சு செய்வார். கை இரண்டும் விசைப்பலகையில் இருப்பதால், பதிவை நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் மேசைக்கு அடியில் ஒரு பெடல் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அதை மிதித்துக்கொண்டிருக்கிறார்; ரீவைண்ட் என்ற பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். நான் பக்கத்து மேசை. அவர் அடித்ததைப் படித்துப் பிழை திருத்துவது என் வேலை. அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் 'பிழை'. "என்ன பிழை, சாப்பிட்டாச்சா?" என்று நாலு பேர் நடுவில் சத்தமாகக் கேட்பார். புது ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அக்காவுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. இரண்டு தரம் கேட்காமல் ஒரு சொல்லைக்கூட அடிக்க மாட்டார். "ஒரு தடவை காதுல விழுந்தா அது வதந்தி. ரெண்டாவது தடவை விழுந்தாத்தான் சேதி" என்பார். எத்தனை தரம் ஓட்டியும் புரியாத சொல்லுக்கு ஐந்து புள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. மற்றவர்கள் பக்கங்களில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் போகும். அக்காவின் பக்கத்தில் மாதத்துக்கு ஒன்று விழுந்தால் அதிசயம். விழுந்த அன்று பேசியவருக்குத்தான் அர்ச்சனை. "வாயைத் தொறந்து பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று திரையைப் பார்த்துக் கேட்பார்.

அவர் மேசையின் இழுப்பறையைத் திறந்தால் ஹெட்ஃபோன் கண்காட்சிதான். ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டியிருக்கிறார். தலைக்கு மேல் வளையும் கம்பியின் இரு முனையிலும் மெல்லிய பஞ்சு வைத்தது 'பஞ்சு'. ரப்பர் முனையோடு காதுத் துளைக்குள் இறங்குவது 'தக்கை'. மகன் ஆசையாக வாங்கித் தந்த, முதுகில் சல்லடை போட்ட பெரியது 'ஜன்னல்'. அதில் பாட்டு கேட்டால் தேவாமிர்தம், ஆனால் உள்ளே ஒலிப்பது வெளியேயும் வெளியே ஒலிப்பது உள்ளேயும் தாராளமாகப் போய்வரும். அன்றாடம் மாட்டுவது 'மொட்டு'. காதில் சும்மா தொற்றிக்கொண்டிருக்கும் சின்னப் பொத்தான் அது. அதையும் வலது காதில் மட்டும் மாட்டுவார். "ஒரு காது உத்தியோகத்துக்கு, ஒரு காது ஊருக்கு" என்பது அவர் ஏற்பாடு. மேலாளர் கூப்பிட்டாலும், தேநீர் வந்தாலும், யாரோ யாரைப் பற்றியோ கிசுகிசுத்தாலும் இடது காது பார்த்துக்கொள்ளும்.

போன வருடம் எங்கள் இருக்கைகளை மாற்றினார்கள். அக்காவுக்குக் கிடைத்தது ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே நாலு ஏசி இயந்திரங்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. அவை இரைய இரைய இவர் ஒலியைக் கூட்டினார். என் நாற்காலியில் இருந்தபடியே எனக்கு மருத்துவர் குரல் கேட்டது. "அக்கா, அந்த ஆளுக்குச் சர்க்கரை கூடிப்போச்சு போல" என்பேன். "ஒட்டுக் கேக்காதே, போ" என்பார். இருவரும் சிரிப்போம். சிரித்த நேரத்தில் எனக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

பிறகு புள்ளிகள் வர ஆரம்பித்தன. ஒரு பக்கத்தில் மூன்று இடம். அடுத்த வாரம் பதினொன்று. நான் பதிவைப் போட்டுக் கேட்டேன். எல்லாம் எனக்குத் தெளிவாகவே கேட்டன. யாரிடமும் மூச்சு விடாமல் புள்ளிகளை எடுத்துவிட்டுச் சொற்களை நிரப்பினேன். இரண்டு மாதம் இந்தத் திருட்டு வேலை ஓடியது. ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அக்கா தன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார்.

"என் புள்ளியெல்லாம் எடுத்தது நீதானே?"

நான் தலையாட்டினேன்.

"வலது காதுல குய்ங்குனு ஒரு சத்தம் பிழை. நாலு மாசமா. வீட்டுக்குப் போனா அதுவும் கூடவே வருது."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அந்த மனுஷன் தூங்க மாட்டார். நான் மட்டும் தூங்காம இருந்துக்கறேன்." மொட்டின் வயரை விரலில் சுற்றினார். "காது போச்சுன்னா வேலை போச்சு. அது தொலையட்டும். பேத்தி இப்பத்தான் பேச வாயெடுக்கறா. அவ பேச்சுக்கும் நான் புள்ளி வைக்கணுமா, சொல்லு?"

மறுநாளே விடுப்புப் போட்டு அவரை இழுத்துக்கொண்டு காது பரிசோதனை நிலையத்துக்குப் போனேன்.

பரிசோதகர் சின்ன வயதுப் பெண். அக்காவைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார்த்தி, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, நீள வயரோடு ஒரு பட்டனைக் கையில் கொடுத்தார். "எவ்வளவு மெல்லிசா சத்தம் வந்தாலும், கேட்ட உடனே இதை அமுக்குங்கம்மா" என்றார். அமுக்கினால் வெளியே இயந்திரத்தில் விளக்கு எரியும். நான் பரிசோதகர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு எரியவில்லை. பரிசோதகர் ஒலியைக் கூட்டினார். எரியவில்லை. காதை மாற்றினார், இன்னும் கூட்டினார். ஊஹூம். அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. "பேசும்போது நல்லாத்தானே பதில் சொன்னாங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாளோ என்று பயந்து நான் தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில், கண்ணாடியின் கீழ் ஓரத்தில், அக்காவின் செருப்பு தெரிந்தது. பரிசோதகர் விசையைத் தட்டியதும் இடது கால் தரையை அழுத்தியது. மறுபடி தட்டினார். மறுபடி அழுத்தியது.

"விளக்கை விடுங்க மேடம்! காலைப் பாருங்க, காலை!" என்று கத்தியே விட்டேன்.

பரிசோதகர் கதவைத் திறந்தார். "அம்மா, சத்தம் கேக்குதா இல்லையா?"

"கேக்குதே."

"அப்போ ஏன் பட்டனை அமுக்கல?"

"ரெண்டாவது தடவை வரட்டும், உறுதி பண்ணிட்டு அமுக்கலாம்னு பார்த்தேன். வர்றது ஒவ்வொண்ணும் வேற வேற சத்தமா வருது. ஒரு தடவை கேட்டதை நம்பி எப்படி அமுக்கறது?"

"அக்கா, இங்க வதந்தியே போதும்!" என்றேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

இரண்டாம் பரிசோதனையில் அக்கா இடது காலின் மேல் வலது காலைப் போட்டு அடக்கிக்கொண்டார். விளக்கு டக் டக்கென்று எரிந்தது. வலது காதில் மட்டும், மிகக் கீச்சென்ற ஒலிகள் வந்த இடத்தில் கொஞ்சம் தாமதித்தது. வெளியே வந்ததும் வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டினார் பரிசோதகர். இரண்டு கோடும் ஒழுங்காகப் போய், வலது காதின் கோடு கடைசியில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. "தினமும் காதுல என்ன மாட்டறீங்க?" என்று கேட்டார். அக்கா பையைக் கவிழ்த்தார். பஞ்சு, தக்கை, ஜன்னல், மொட்டு நான்கும் மேசையில் விழுந்தன. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி, மொட்டை வலது காதில் வைத்துக் காட்டி, ஜன்னலோர ஏசி இரைச்சலையும் சொன்னார்.

"இதை ஒரே காதுல மாட்டறீங்க. இது காதை அடைக்காது, வெளிச்சத்தம் உள்ள வரும். அதை அமுக்க நீங்க இதைக் கூட்டறீங்க. அடி முழுக்க வலது காதுக்கு." மொட்டைத் தள்ளி வைத்தார். "ஜன்னலும் பஞ்சும் அப்படித்தான், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தக்கை சரியாப் பொருந்தினா தடுக்கும், ஆனா அதையும் கூட்டி வெச்சா ஆபத்துதான். காதை முழுசா மூடற மெத்தை வெச்சது வாங்குங்க. ரெண்டு காதுலயும் போடுங்க, சத்தத்தைப் பாதிக்கு மேல ஏத்தாதீங்க. மணிக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் காதைச் சும்மா விடுங்க. பக்கத்துல இருக்கறவருக்குக் கேட்டா, அது ரொம்ப ஜாஸ்தின்னு அர்த்தம்."

சர்க்கரை கூடிய அந்த நோயாளியை நினைத்து நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்போ ஊருக்கு எந்தக் காது?" என்றார் அக்கா.

"ஊரு காத்திருக்கட்டும்மா."

"அந்தக் குய்ங்?"

"காது களைச்சுப் போனதால வர்ற மாதிரி இருக்கு. ஓய்வு குடுத்தா குறைய வாய்ப்பு இருக்கு. டாக்டரும் ஒரு தடவை பார்த்துடட்டும், மூணு மாசம் கழிச்சு மறுபடி வாங்க. அந்தப் பள்ளம் நிரம்பாது. ஆனா மேலே ஆழமாகாம பார்த்துக்கலாம்." பட்டனின் வயரைச் சுற்றி மேசையில் வைத்தார். "மத்தபடி உங்க காது நல்லா இருக்கும்மா. வேலையும் பார்க்கலாம், வீட்டுல பேசறதும் நல்லாக் கேக்கும்."

அப்பாடா! எனக்கு வாய்விட்டே வந்துவிட்டது. மேசைக்கு அடியில் அக்காவின் இடது கால் தரையை ஒரு முறை அழுத்தியது.

பரிசோதகர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நிறுத்தி நிதானமாக, "உங்க காது நல்லா இருக்கும்மா" என்றார்.

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த பட்டனை எடுத்து ஒரு முறை அமுக்கினார்.