தடைக்காலத்துக் கீரை

சித்திரை முடியப்போகும் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. வெளிச்சம் முழுதாக வருமுன் நான் முதலில் பார்த்தது எங்கள் முளைக்கீரையின் நுனிகளை: ஒவ்வொன்றிலும் விரல்நீளத்துக்குச் சொரசொரப்பான ஒரு கதிர், தொட்டால் உள்ளங்கையை உறுத்தியது. கதிர் தள்ளிய கீரையை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது பத்து வயதில் எனக்கும் தெரியும். பின்னால் வந்த "நைனா", அதாவது என் அப்பா, ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார், நார் இழுத்தது. அதை வீசிவிட்டு வரப்பின் கடைசிவரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். அன்று முழுக்க அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

திருவொற்றியூருக்கு மேற்கே, மணலி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவில் கிடந்த அரை ஏக்கர் குத்தகை நிலம் அது. மற்ற ஆண்டுகளில் முளைக்கீரையைச் சிறிது சிறிதாக விதைத்துவந்த நைனாவுக்கு, அந்தக் கோடையில் மீன்பிடித் தடைக்காலம் நெருங்கியபோது ஒரு யோசனை பிறந்தது. "போட்டு கடலுக்குப் போவாது. மீனு இல்லன்னா ஜனம் இன்னாத்த துன்னும்? கீரதான் துன்னும்" என்று சொல்லி, தடை தொடங்கும் வாரத்தில் அறுவடை வரும்படி, மொத்த நிலத்திலும் ஒரே நாளில் முளைக்கீரையை விதைக்கப் புறப்பட்டார்.

அம்மா ஒப்பவில்லை. "ஆம்பள வேல இல்லாம வூட்ல குந்திகினா, பொம்பள கைல காசு எங்கேந்துய்யா வரும்? கீர வாங்குவாளா அவ?" என்று கேட்டாள். கிணற்றுநீர் உப்பேறிப் பயிர் சரியாக வராத கடைசி இரண்டு பாத்திகளை நைனா அவளுக்கு விட்டுக்கொடுத்தார். "வெச்சிக்கோ. அதுல உப்புதான் வெளையும், ரசத்துக்கு ஆவும்." அம்மா அங்கே உப்பைத் தாங்கும் புளிச்சக்கீரையையும், வாய்க்கால் ஓரத்தில் கொத்தவரையையும் ஊன்றினாள்.

பள்ளி விடுமுறை என்பதால் அம்மா கீரைக்கூடையோடு மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்குப் போகும்போது நானும் போவேன். தடை தொடங்கிய முதல் வாரமே விஷயம் விளங்கிவிட்டது. விசைப்படகு வேலைக்காரர்களின் வீடுகளில் தடைக்காலத்துக்கென்றே முன்கூட்டி மீனைக் காயவைத்து எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. கடலோரத்தில் பிறக்காத நைனா அதை யாரிடமும் கேட்டிருக்கவில்லை. "இன்னாக்கா, போட்டு போவலன்னா நாங்க பட்டினின்னு நெனச்சிக்கினியா? பான நெறைய கருவாடு கீது. இந்தா, நீ ரெண்டு எடுத்துனு போ" என்றாள் ஒருத்தி. கீரை அப்படியே வீடு திரும்பியது, மேலே கருவாட்டுப் பொட்டலத்தோடு. அன்று சோற்றில் நைனா அந்தக் கருவாட்டைத் தொடவில்லை. நாங்கள் தின்றோம்.

விற்காத கீரை வயலிலேயே முற்றி அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்து சேர்ந்தது. மதியத்துக்குள் நைனா எல்லாவற்றையும் பிடுங்கி, பக்கத்து எருமைக்கொட்டகையில் போட்டுவிட்டார். அதுதான் பெரிய பிசகு. நிலத்துக்காரரை நாங்கள் "ஓனர்" என்போம்; மாதம் ஒரு ஞாயிறு காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். போன தடவை, "லாரி நிறுத்த எடம் கேட்டு ஒருத்தர் நடையா நடக்கறார். அடுத்த வாட்டி நெலம் காலியா கெடந்தா அவருக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லியிருந்தார். அவர் வர ஒன்பது நாள் இருந்தது. அம்மாவின் ஓரத்துப் பாத்திகள் போக, நிலம் வெறும் மண்ணாகக் கிடந்தது.

"நெலமும் வாணாம் ஒண்ணும் வாணாம். ஹார்பர்ல மூட்ட தூக்கப் போறேன்" என்றார் நைனா, வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டே.

"போ. போறதுக்கு முன்ன மண்ணக் கொத்திக் குடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா.

அவர் கொத்தினார். சமையல் டப்பாவில் இருந்த வெந்தயம் முழுவதையும் அம்மா அன்றே தூவினாள். மறுநாள் விடிந்ததும் புளிச்சக்கீரையை அறுத்து, காசிமேட்டை விட்டுவிட்டுக் கொருக்குப்பேட்டைக்குப் போனாள். தண்டவாளத்தை ஒட்டிய சந்துகளில் ரயில்வே சம்பளம் வாங்கும் தெலுங்குக்காரர் வீடுகளில், அதைத் துவையலுக்கு விரும்பி வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பத்து மணிக்குக் கூடை காலி. ராயபுரத்தில் மேலும் வெந்தயமும், சிறுகீரை, தண்டுக்கீரை விதைகளும் வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் வெந்தயம் தலை நீட்டியது. நான் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடிப்போய்ப் பார்த்தேன். பார்ப்பதால் அது வேகமாக வளரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் காரைவிட்டு இறங்கியபோது, பாத்திக்குப் பாத்தி வேறு வேறு உயரத்தில் பச்சை நின்றது. "இன்னாப்பா, கதம்பம் மாதிரி போட்டிருக்க?" என்றார்.

"ஒண்ணு கைவுட்டாலும் இன்னொண்ணு நிக்கும் சார். நமக்குத் தெரியாதா" என்றார் நைனா.

அம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

நைனா ஹார்பருக்குப் போகவில்லை. அதன் பிறகு எங்கள் நிலத்தில் ஒரே பயிர் நின்றதே இல்லை. கனகாம்பரம் வந்தது, வரப்பில் அகத்தி வந்தது, நான் பிளஸ் டூ முடிக்கும்வரை கடையில் அரிசிக்குக் கெஞ்சும் நாள் வரவில்லை. சிறு விவசாயியின் வறுமை தீரப் பல பயிர் செய்யவேண்டும் என்று, இப்போது நான் செய்தி சேகரிக்கப் போகும் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். சரிதான் என்று குறித்துக்கொள்கிறேன். குறித்த பிறகும் நாற்காலியில் நிலையாக உட்கார முடிவதில்லை.

சென்ற மாதம் அந்த வழியாகப் போனேன். கிணறு இல்லை, அகத்தி இல்லை, எருமைக்கொட்டகை இல்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஓனர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் நிலத்தை விற்றார்கள். அன்று வயலில் ஐந்து வகைப் பயிர் நின்றது. குத்தகைக்கென்று எங்களிடம் ஒரு காகிதமும் இருந்ததில்லை.