பாய்லர் ஃபேனுக்குப் போன என் செருப்பு

எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியின் பாய்லர் ஃபேன் நின்றுபோனதில் என் தப்பு எதுவும் கிடையாது. இதை இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. ஆனாலும் அந்த ஃபேனால் நஷ்டப்பட்டவள் நான் ஒருத்திதான்.

போடிமெட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவாள். அம்மாவின் தம்பி, என் மாமா, ஃபேக்டரியில் ஃபிட்டர். எங்கள் வீட்டில்தான் இருந்தார். பாய்லர் அடுப்புக்குக் காற்று ஊதும் ஃபேன் அவர் பொறுப்பு. அந்த ஃபேனையும் மோட்டாரையும் இணைக்கிற இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ரப்பர் புஷ்கள் இருக்கும். அவை தேய்ந்து நாராகிவிட்டன, ஃபேன் ஆடுகிறது, புதுசு வேண்டும் என்று மாமா மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொச்சி ஆபீஸிலிருந்து சாங்ஷன் வரவேண்டும் என்பார்கள். அதே மாதங்களில் மேனேஜர் பங்களாவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அந்தச் சாங்ஷன் மட்டும் எந்த வழியாக வந்ததோ தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஃபேன் நின்றேவிட்டது. முதல் நாள் எடுத்த கொழுந்து முழுவதும் வாடக் கிடந்தது. பாய்லர் எரியாவிட்டால் அதை உலர்த்த வழியில்லை, அத்தனையும் குப்பைக்குத்தான். இன்றைக்குள் ஓடாவிட்டால் திங்கள்கிழமை முதல் யாருக்கும் வேலை இல்லை என்று ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர் லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மாமா லாரி டயரை வெட்டிப் போட்டுப் பார்த்தாராம். கல் மாதிரி இருந்ததாம். அவருடைய செருப்போ தேய்ந்து காகிதமாகியிருந்தது. மத்தியானம் உடம்பெல்லாம் கரியும் எண்ணெயுமாக வீட்டுக்குள் நுழைந்தார்.

நான் கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். காலில், அம்மா போடிக்குக் கூட்டிப்போய் வாங்கித்தந்த நீலச் செருப்பு. அடிப்பகுதி நல்ல கனமான ரப்பர். மழை விட்ட பிறகுதான் வெளியே போடுவது என்று எனக்கு நானே சட்டம் வைத்து, மூன்று நாளாக வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பின் கனத்தை விரலால் அளந்தார்.

"அக்கா, இதை வட்டம் வட்டமா வெட்டி அடுக்குனா நிக்கும்."

அம்மா சண்டைக்குப் போவாள் என்று நம்பினேன். குழாயடியில் தன் குடத்தை யாராவது நகர்த்தினாலே விடமாட்டாள். அன்றைக்கு அவள், "பிள்ளை இன்னும் மண்ணுலயே மிதிக்கலையேடா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளே என் காலிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

"இவ்வளவு பெரிய எஸ்டேட்ல ரப்பரே இல்லையா?" என்று கத்தினேன்.

"இருந்தா உன் கால்ல வந்து நிப்பேனா புள்ள?" என்று சொல்லிவிட்டு மாமா மழையில் ஓடினார்.

பொழுது சாயும் முன் ஃபேக்டரிக் குழாயில் புகை வந்தது. லயமே மாமாவின் மூளையைப் பாராட்டியது. செருப்பு யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "வந்து பாரு, உன் செருப்பு எப்படிச் சுத்துதுன்னு" என்று மாமா கூப்பிட்டபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

திங்கள்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஜீப் எங்கள் வாசலில் நின்றது. மேனேஜர் கதையைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தாராம். டிரைவர் ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே பக்கிள் வைத்த கறுப்பு ஷூ, வெள்ளைச் சாக்ஸ். அப்படி ஒன்றை நான் கடைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருந்தேன். கையை நீட்டினேன். அம்மா முந்திக்கொண்டாள். பெட்டியை மூடி, ஜீப்பின் முன்சீட்டில் திரும்ப வைத்தாள்.

"எம் பிள்ளைக்குச் செருப்பு நான் வாங்கிக்கிடுவேன். அவுகள ஃபேனுக்குப் புஷ் வாங்கச் சொல்லுங்க."

"இதை நான் எப்படிக்கா போய்ச் சொல்ல?"

"நான் சொன்னேன்னே சொல்லுங்க."

அந்த வாரமே புது புஷ் வந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் அம்மாவுக்கு மலை உச்சியிலிருந்த செங்குத்தான தேயிலைக் காட்டில்தான் வேலை போட்டார்கள். தினமும் ஏறிப் போனாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்தான் அவளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேனே. வார் அறுந்த பழைய செருப்பில் ஊக்கு குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போன வழியெல்லாம் அம்மாவைத் திட்டினேன், மாமாவைத் திட்டினேன், அந்த ஃபேனையும் விடவில்லை. மேனேஜரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம், அவர் ஷூ அனுப்பிய நல்ல மனிதர்.