அடுப்படிச் சுவரில் ஈரம்

காலையில் நிரப்பிய மொட்டைமாடி டேங்க் மாலைக்குள் காலியாகத் தொடங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு திருவொற்றியூரில், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு லாரிகள் திரும்பும் சாலைக்குப் பின்தெருவில் இருந்தது. கீழ்த்தளத்தில் அப்பா, அம்மா, நான். மாடியில் ஓர் அறையும் ஒரு குளியலறையும். அங்கே அத்தை இருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டில் இருக்க முடியாமல் ஒரே ஒரு பெட்டியோடு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காசிமேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கும் வேலை. சாயங்காலம் வந்ததும் யாரோடும் பேசாமல் நேராக மாடிக்குப் போய்க் குளிப்பாள். அந்த வாடை போக நிறைய தண்ணீர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் டேங்க் ஏன் காலியாகிறது என்று அம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். கீழ்த்தொட்டியில் பிடித்து மோட்டார் போட்டு மேலே ஏற்ற வேண்டும். தொட்டியும் வறண்டுபோனால் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்த மாதம் மூன்றாவது லாரி வந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாள். அத்தை குளிக்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்து எத்தனை பக்கெட் பிடிக்கிறாள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

பக்கெட் நிரம்ப நிரம்பச் சத்தம் மாறும். எண்ணுவது சுலபம். முதல் நாள் மூன்று என்று எண்ணினேன். கீழே போனதும் அம்மா, "இன்னாடி, எத்தினி?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மூன்று போதாது என்று தோன்றியது. "அஞ்சு" என்றேன். அம்மா என் தலையைத் தடவி, தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். மறுநாள் ஆறு என்றேன். நான் சொல்வதை இத்தனை கவனமாக வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

அத்தையிடம் அம்மா நேராகக் கேட்டது ஒரு சனிக்கிழமை. "வூட்ல நாலு பேரு கீறோம். ஒருத்தியே ஆறு பக்கெட்டு ஊத்திக்கினா மீதி பேரு இன்னா பண்றது?" அத்தை படிக்கட்டில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். மறுநாளிலிருந்து தெருமுனை அடிபம்பில் உப்புத் தண்ணீர் அடித்து, குடத்தில் சுமந்து மாடிக்கு எடுத்துப்போய்க் குளித்தாள். தலைமுடி நாராகிப் போனது. டேங்க் மட்டும் எப்போதும்போல் காலியானது.

அதற்குள் அடுப்படிச் சுவரில் ஈரம் தெரிய ஆரம்பித்தது. முதலில் உள்ளங்கை அகலம். பிறகு இடுப்பு உயரத்துக்கு. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. அடுப்படிக்கு நேர் மேலேதான் அத்தையின் குளியலறை. அம்மாவுக்கு அது போதும். அப்பா ஒரு பிளம்பரைக் கூட்டிவந்தார். அவன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, தரை மொத்தத்தையும் உடைத்து டைல்ஸ் மாற்ற வேண்டும் என்றான். மூன்று நாள் உடைத்தான். அந்த மூன்று நாளும் அத்தை, விடிவதற்கு முன்பே எங்கள் குளியலறையில் குளித்துவிட்டு வேலைக்குப் போனாள். அப்பாவின் போனஸ் முழுவதும் புதுத் தரைக்குப் போனது. தரை பளபளவென்று இருந்தது. ஈரம் நிற்கவில்லை.

அப்பா அதிகம் பேசாதவர். துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை. தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் எதையும் சொல்லாமல் இருப்பதுதான் நியாயம் என்று நினைத்தாரோ என்னவோ. தினமும் சாப்பிட்டு முடித்ததும் ஈரச் சுவரில் கை வைத்துப் பார்ப்பார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையே கீழே வந்தாள். "அண்ணி, இன்னிக்கு யாரும் டேங்க் தண்ணிய தொட வேணாம். வேணுங்கறத இப்பவே குடத்துல புடிச்சி வெச்சிக்கங்க. நா மேல என் பாத்ரூம் வால்வ மட்டும் மூடிட்டேன். சாயந்தரம் பாக்கலாம்" என்றாள். பிறகு என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், டேங்க்குக்குள் ஒரு கம்பை விட்டு எடுத்து, ஈரம் இருந்த இடத்தில் நூல் கட்டினாள்.

"நீயே பாத்துக்க பாப்பா. பாத்தத மட்டும் போய் சொல்லு."

எனக்கு முகம் சுட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன்பின் அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தன் அறைக்குக்கூடப் போகவில்லை, கீழேயும் வரவில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அடுப்படியில் பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. அப்பா ஒரே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

நண்பகலில் அம்மா தேங்காய் அரைக்க, ஈரச் சுவரில் இருந்த மிக்ஸி சுவிட்சில் கை வைத்தாள். அம்மாவின் தொண்டையிலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. உடம்பு விறைத்து உதறியது. கை சுவிட்சைவிட்டு வரவில்லை. இரண்டடி தள்ளி நின்றிருந்த நான் அவளைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தேன்.

"தொடாத! அம்மாவ தொடாத!"

பின்னாலிருந்து என் சடை பற்றி இழுக்கப்பட்டது. நான் கூடத்தில் போய் விழுந்தேன். அத்தை என்னைத் தாண்டி வாசற்பக்கம் ஓடி மெயின் சுவிட்சை இறக்கினாள். மின்விசிறி சுற்றுவது மெதுவானது. அம்மா தரையில் சரிந்தாள்.

அப்பா அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டது அன்றுதான். அத்தை அம்மாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சிறிது நேரத்தில் அம்மா கண் விழித்து முதலில் கேட்டது என்னைத்தான். விரல்கள் கருத்துப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உயிருக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

திரும்பி வந்ததும் நான் யாரும் சொல்லாமலே மொட்டைமாடிக்கு ஏறிக் கம்பை விட்டுப் பார்த்தேன். நூலுக்கு ஒரு முழம் கீழே இருந்தது தண்ணீர். கீழே வந்து பார்த்ததை மட்டும் சொன்னேன்.

மறுநாள் அப்பா வேறொரு பிளம்பரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் எதையும் உடைக்கவில்லை. ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தட்டு ஸ்டாண்டுக்கு அருகில் வந்ததும் நின்றார்.

"செவுத்துக்குள்ள ஓடிக்கினு கீது சார். இத்த கழட்டுங்க."

அந்த ஸ்டாண்டை மாட்டியது அப்பா. ஆள் வைத்தால் காசு என்று, மார்க்கெட்டில் வேலை செய்யும் நண்பரிடம் டிரில்லிங் மெஷின் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டை போட்டு ஸ்க்ரூ இறுக்கியிருந்தார். அன்று அம்மாவும் நானும் கைதட்டினோம். பூச்சை உடைத்தபோது உள்ளே பைப்பின் பக்கவாட்டில் அந்த ஸ்க்ரூ துருவேறிச் செருகியிருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் மெல்லிய கோடாகப் பீறிட்டுச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இதான் பேஜாரு. இவ்ளோ நாளு இந்த ஸ்க்ரூவே அடச்சிக்கினு இருந்துது. அது துருப்புடிச்சி தேயவும் தண்ணி வழி கண்டுக்கிச்சி" என்றார் பிளம்பர்.

அப்பா அந்த ஸ்க்ரூவை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா அத்தையைப் பார்த்தாள். பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டாள். அத்தை விளக்குமாற்றை எடுத்துவந்து உதிர்ந்த பூச்சைப் பெருக்க ஆரம்பித்தாள்.

பைப்லைன் முழுவதையும் சுவருக்கு வெளியே மாற்றி, ஒயரிங்கையும் புதிதாகப் போட்டார்கள். அதற்காக அப்பா தன் பைக்கை விற்றார். அதன்பின் பஸ்ஸில்தான் துறைமுகத்துக்குப் போய்வந்தார். டேங்க் ஒருநாள் முழுக்கத் தாக்குப்பிடித்தது. சுவர் வெயிலுக்குக் காய்ந்தது. வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குப் பெரிய நிம்மதி.

சுவருக்கு வெள்ளையடித்து முடித்த வாரம் அத்தை பெட்டியைக் கட்டினாள். ராயபுரத்தில் கம்பெனியில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ஒரு அறை பார்த்துவிட்டிருந்தாள். அப்பா வாசலில் நின்று, "எங்க போற? உன் வூடு இது" என்றார். அம்மா கட்டுப்போட்ட கையோடு பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை அம்மாவின் கையைப் பதமாக விலக்கிவிட்டு, "கோவம்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள். உண்மையிலேயே அவள் குரலில் கோபம் இல்லை.

நான் ஆட்டோ வரைக்கும் கூடப் போனேன்.

"அதான் லீக்கு நின்னுடுச்சே அத்தை. இன்னாத்துக்குப் போற?"

"நின்னுடுச்சில்ல. இனி எம்மேல பழி இல்ல. அதான் போறேன்."

"போறதுன்னா அப்பவே போயிருக்கணும். இப்ப ஏன்?" என்று கேட்டேன். காரணத்தைத் தப்பாகச் சொல்கிறாளே என்று அவளைத் திருத்துகிற அக்கறையோடுதான் கேட்டேன். அத்தை சிரித்தாள், என் சடையைச் சரிசெய்து பின்னால் போட்டாள், ஆட்டோவில் ஏறினாள்.

வீட்டுக்கு ஓடிவந்து, அன்று மாலையே என் புத்தகங்களையெல்லாம் மாடியறைக்கு ஏற்றினேன். சொந்தமாக ஓர் அறை கிடைத்த சந்தோஷத்தில், அத்தை பெரியவளாக இருந்தும், லீக் நின்றபின் போகத் தேவையில்லை என்கிற இந்தச் சின்ன விஷயம் அவளுக்குப் புரியவில்லையே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது எனக்கு.